லெவிட்டவுன்: உருளைக்கிழங்கு வயலில் முளைத்த 17,447 வீடுகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வேறொருவர் கட்டி முடித்து, வர்ணம் பூசி, சாவியைக் கையில் கொடுக்கும் வீட்டை வாங்குவதைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு வழக்கமே அப்போது பெரிதாக இல்லை என்பதுதான் காரணம். நகரத்தை விட்டு இருபது முப்பது மைல் தள்ளி, ஒரே அச்சில் வார்த்தது போல் வரிசையாக வீடுகள், முன்னால் கொஞ்சம் புல்தரை, முப்பது வருடத்துக்கு மாதத் தவணை. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பிறந்த ஊர் சொல்லச் சொன்னால், பலரும் கை காட்டுவது நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் இருக்கும் லெவிட்டவுனைத்தான்.

1947 முதல் 1951 வரை, நான்கே வருடங்களில் அங்கே 17,447 வீடுகள் எழும்பின. வாடகை அறையில் முடங்கிக் கிடந்த சாதாரணத் தொழிலாளி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்த வீட்டுக்காரர் ஆனார். அந்த வீடுகளை யார் வாங்கினார்கள் என்பது ஒரு கதை. யாரை வாங்க விடவில்லை என்பது இன்னொரு கதை. முதல் கதையை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்பவர்கள் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டவை.

போர் முடிந்தது, வீடு இல்லை

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. பிறகு போர் வந்தது. மரம், இரும்பு, ஆள் எல்லாம் போருக்குப் போயின. 1944ஆம் ஆண்டில் நாடு முழுவதும் புதிதாகக் கட்டத் தொடங்கிய தனி வீடுகள் சுமார் 1,14,000 மட்டுமே. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய அமெரிக்கர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். 1945ல் போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். உடனே கல்யாணம், உடனே குழந்தை. குடியிருக்கத்தான் இடமில்லை.

மாமியார் வீட்டுப் பின்னறையிலும், ராணுவம் கழித்துப் போட்ட தகரக் கொட்டகைகளிலும் குடும்பங்கள் காலம் தள்ளின. சிகாகோவில் ஓடி ஓய்ந்த 250 டிராம் வண்டிகளை வீடாக்கிக் கொள்ளச் சொல்லி விற்றார்கள். ஒமாஹா நகரத்துப் பத்திரிகை ஒன்றில், 7 அடிக்கு 17 அடி அளவுள்ள பழைய ஐஸ் பெட்டியைச் சரிசெய்தால் குடியிருக்கலாம் என்று விளம்பரம் வந்தது. போரில் ஜெயித்த நாட்டின் நிலைமை இது!

கடன் மாறியது, கதை மாறியது

வீட்டுத் தட்டுப்பாட்டை அவிழ்த்ததில் செங்கலுக்கும் மரத்துக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு கடன் விதிகளுக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்காவிட்டால் மீதிக் கதை புரியாது.

1930க்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்பது வசதி உள்ளவர்களின் சமாச்சாரம். வீட்டு விலையில் பாதியை முன்பணமாகக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதிப் பாதிக்குக் கிடைக்கும் கடனை மூன்று முதல் ஐந்து வருடங்களில் திருப்ப வேண்டும். பெரும்பாலும் வட்டியை மட்டும் கட்டி வந்து, கடைசியில் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் வேறு கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க வேண்டும். பெருமந்தத்தில் புதுக் கடன் கொடுக்க வங்கிகள் மறுத்தன. லட்சக்கணக்கானோர் வீட்டை இழந்தார்கள்.

ரூஸ்வெல்ட் அரசு 1933ல் வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தையும், 1934ல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தையும் (சுருக்கமாக எஃப்.எச்.ஏ.) தொடங்கியது. எஃப்.எச்.ஏ. தன் கையிலிருந்து கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கியின் நஷ்டத்தை அரசு ஏற்கும். பயம் போனதும் வங்கிகள் தாராளமாயின. முன்பணம் மளமளவென்று குறைந்தது. தவணைக் காலம் இருபது, இருபத்தைந்து, முப்பது வருடம் என நீண்டது. அசலும் வட்டியும் சேர்ந்த சமமான மாதத் தவணை வழக்கத்துக்கு வந்தது. இன்று உலகெங்கும் சம்பளக்காரர்கள் மாதா மாதம் கட்டும் தவணை இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், அதாவது ஜி.ஐ. பில், இதற்கு மேல் ஒரு படி போனது. போரிலிருந்து திரும்பியவர் முன்பணமே இல்லாமல் வீடு வாங்கலாம். 1944 முதல் 1952 வரை சுமார் 24 லட்சம் வீட்டுக்கடன்களுக்குப் படைவீரர் நலத்துறை பின்னால் நின்றது. வீடு வாங்கப் பணம் தயார். வாங்குவதற்கு வீடுதான் வேண்டும்.

லெவிட் குடும்பம்

இந்த இடத்தில்தான் லெவிட் அன்ட் சன்ஸ் நிறுவனம் நுழைகிறது. தந்தை ஆபிரகாம் லெவிட், யூதக் குடியேறிகளின் மகன். வக்கீலாக இருந்து கட்டுமானத்துக்கு வந்தவர். மூத்த மகன் வில்லியம் வியாபாரத்தைக் கவனித்தார். இளையவர் ஆல்ஃபிரட் வீடுகளை வடிவமைத்தார். போருக்கு முன் லாங் ஐலண்டில் வசதியானவர்களுக்கு வீடு கட்டி விற்றவர்கள் இவர்கள். போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கடற்படைத் தொழிலாளர்களுக்கு அவசர அவசரமாக வீடுகள் கட்டித் தர வேண்டியிருந்தது. வேகமாகக் கட்டும் வித்தையின் பாலபாடத்தை அங்கே கற்றார்கள். வில்லியம் கடற்படையின் கட்டுமானப் பிரிவிலும் இருந்துவிட்டு வந்தார்.

லாங் ஐலண்டின் நடுவே ஹெம்ப்ஸ்டெட் பகுதியில் அப்போது உருளைக்கிழங்கு விவசாயம் நடந்து வந்தது. பயிரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு பரவி விவசாயிகளை நொடிக்கச் செய்திருந்தது. நிலம் விலைக்குக் கிடைத்தது. 1947 மே மாதம், அங்கே 2,000 வாடகை வீடுகள் கட்டப் போவதாக லெவிட் நிறுவனம் அறிவித்தது. இரண்டே நாளில் அதில் பாதிக்கு ஆள் பதிவாகிவிட்டது.

ஒரு தடை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்தள அறை இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டட விதி. லெவிட்டின் திட்டமோ, தரையில் காங்கிரீட் தளம் போட்டு அதன் மேலேயே வீட்டை நிறுத்துவது. விதியை மாற்றச் சொல்லி முன்னாள் படைவீரர்கள் மனைவியரோடு வந்து கூட்ட அரங்கை நிரப்பினார்கள். விதி மாறியது. அதே வருடம் அக்டோபர் 1 அன்று முதல் குடும்பங்கள் குடியேறின. ஐலண்ட் ட்ரீஸ் என்று இருந்த இடத்தின் பெயர் விரைவிலேயே லெவிட்டவுன் ஆனது.

கார் நகராது, ஆள் நகர்வார்

ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் கார் நகர்ந்து கொண்டே போகும், தொழிலாளி நின்ற இடத்திலேயே வேலை செய்வார். லெவிட் இதைத் தலைகீழாக்கினார். வீடு நகர முடியாது, எனவே ஆட்கள் நகர்ந்தார்கள். வீடு கட்டும் வேலையை இருபதுக்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு குழு. ஒரு குழு தளம் ஊற்றிவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே சட்டம் நிறுத்தும் குழு வரும். வெள்ளை வர்ணம் அடிப்பவர் வெள்ளை மட்டும் அடிப்பார். லாரிகள் ஒவ்வொரு 60 அடிக்கும் ஒரே மாதிரியான சாமான் கட்டுகளை இறக்கிவிட்டுப் போயின.

மரத்துக்குக் கலிபோர்னியாவில் நிறுவனத்துக்கே சொந்தமாக அறுப்பு ஆலை. ஆணியைக் கூடச் சொந்தமாகத் தயாரித்தார்கள். தொழிற்சங்கம் இல்லை, செய்த வேலைக்கு ஏற்பக் கூலி. உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடித்தார்கள்!

வீடு பெரியதல்ல. முதலில் கட்டிய 'கேப் காட்' வகை வீட்டின் அளவு 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, சமையலறை, கூடம், மேலே பின்னால் கட்டிக் கொள்ளலாம் என்று விட்ட மாடம். மனை மட்டும் தாராளம்: 60 அடிக்கு 100 அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் இரண்டரை கிரவுண்ட். தளத்துக்குள் பதித்த செப்புக் குழாய்களில் சுடுநீர் ஓடிக் குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்தது. அடுப்பு, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டோடு வந்தன. 1950 மாதிரியில் தொலைக்காட்சிப் பெட்டியையே சுவரோடு பதித்துக் கொடுத்தார்கள்.

மாதம் 58 டாலர்

தொடக்கத்தில் வாடகை மாதம் 60 டாலர். 1949 மார்ச்சில் வாடகைக்கு விடுவதை நிறுத்தி விற்பனையைத் தொடங்கினார்கள். புதிய 'ரேன்ச்' வகை வீட்டின் விலை 7,990 டாலர். படைவீரருக்கு முன்பணம் இல்லாத குறைதான். மாதத் தவணை 58 டாலர்.

வாடகை 60, சொந்த வீட்டுத் தவணை 58. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? விற்பனை தொடங்குவதற்குப் பல நாள் முன்பே வந்து குளிரில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். ஒரே நாளில் சுமார் 1,400 ஒப்பந்தங்கள் முடிந்தன. இத்தனையும் ஒரு தனி மனிதரின் சாமர்த்தியம் என்றே அப்போதைய பத்திரிகைகள் எழுதின. 1950 ஜூலையில் டைம் பத்திரிகை வில்லியம் லெவிட்டை அட்டையில் போட்டது. கடன் உத்தரவாதம் கொடுத்த அரசு அலுவலகத்தின் படத்தை யார் அட்டையில் போடுவார்கள்! ஆனால் அந்த உத்தரவாதம் இல்லாமல் 58 டாலர் தவணை சாத்தியமே இல்லை.

வாங்கியவர்கள் யார்? புரூக்ளினிலும் பிராங்ஸிலும் நெருக்கடியான அடுக்ககங்களில் வளர்ந்த இத்தாலியர், ஐரிஷ்காரர், யூதர் ஆகியோரின் பிள்ளைகள். இயந்திரத் தொழிலாளி, தீயணைப்பு வீரர், குமாஸ்தா, விற்பனையாளர். பெரும்பாலும் முப்பது வயதுக்குள். ஊரில் எங்கு பார்த்தாலும் குழந்தைகள். ஒன்பது நீச்சல் குளங்கள், விளையாட்டுத் திடல்கள், கடைத்தெருக்கள் எல்லாம் திட்டத்திலேயே இருந்தன.

கெடுபிடிகளும் இருந்தன. வேலி போடக் கூடாது. வாரம் ஒரு முறை புல்லை வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியில் துணி உலர்த்தக் கூடாது. எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதால் மனிதர்களும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று அறிவுஜீவிகள் கிண்டல் செய்தார்கள். நகர வரலாற்று அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு கடுமையாகச் சாடினார். குடியிருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. மாடத்தை அறையாக்கினார்கள், பக்கவாட்டில் கூடம் இழுத்தார்கள், கார் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் கட்டிய நாளில் இருந்தபடியே இருக்கும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே அச்சு என்ற குற்றச்சாட்டைக் காலமே தள்ளுபடி செய்துவிட்டது. காலத்தால் தள்ளுபடி செய்ய முடியாத குற்றச்சாட்டு வேறு.

25ஆம் ஷரத்து

லெவிட்டவுன் வாடகை ஒப்பந்தத்தில் 25ஆவதாக ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத யாரும் இந்த வீட்டைப் பயன்படுத்தவோ குடியிருக்கவோ குடியிருப்பவர் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். வேற்று இனத்து வீட்டு வேலைக்காரர்களை வைத்துக் கொள்ளத் தடையில்லை என்றும் ஒரு விலக்கு. அதாவது, கறுப்பினப் பெண் அந்த வீட்டைப் பெருக்கலாம், துடைக்கலாம். அந்த வீட்டில் குடும்பம் நடத்தக் கூடாது.

இதை லெவிட் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 1930களில் நூற்றுக்கணக்கான நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்க ஏற்ற பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் வாடிக்கையாகச் சிவப்பில் விழுந்தன. எஃப்.எச்.ஏ.வின் 1938ஆம் ஆண்டுக் கையேடு, இனக்கலப்பு வீட்டின் மதிப்பைக் குறைக்கும் என்று சொல்லி, அதைத் தடுக்கும் ஷரத்துகளைப் பத்திரத்தில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. உத்தரவாதம் வேண்டும் என்றால் கட்டுநர் இந்த வழியில் போவதுதான் சுலபம். போனால் வங்கி பணம் தரும். போகாவிட்டால் சந்தேகம்.

ஜி.ஐ. பில் சட்டத்தின் வாசகத்தில் இனம் பற்றி எதுவும் இல்லை. கறுப்பினப் படைவீரருக்கும் உரிமை உண்டு. ஆனால் உத்தரவாதம் மட்டும் இருந்து, கடன் கொடுக்க வங்கியும் வீடு விற்க ஆளும் இல்லையென்றால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

யூஜின் பர்னட் என்ற கறுப்பின முன்னாள் ராணுவ வீரரின் அனுபவம் இதற்குச் சாட்சி. 1949ல் விளம்பரத்தைப் பார்த்து லெவிட்டவுனுக்கு வந்தார். மாதிரி வீடு பிடித்துப் போயிற்று. விண்ணப்பம் கேட்டார். தனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்பதாகக் கட்டுநர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் விற்பனையாளர். பர்னட் திரும்பிப் போனார். அந்தப் பயணத்தை மறக்க முடியவில்லை என்று பல பத்தாண்டுகள் கழித்தும் பத்திரிகைகளிடம் அவர் சொன்னார். பின்னர் லாங் ஐலண்டிலேயே, எல்லா இனத்தவருக்கும் விற்ற வேறொரு குடியிருப்பில் வீடு வாங்கினார்.

1948 மே மாதம் ஷெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட இன ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. லெவிட் ஒப்பந்தத்திலிருந்து ஷரத்தை எடுத்துவிட்டார். கொள்கையை எடுக்கவில்லை. 1950ல், தங்கள் குழந்தைகளோடு கறுப்பினக் குழந்தைகளை வீட்டில் விளையாட விட்ட இரண்டு வெள்ளைக் குடும்பங்களின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிறுவனம் மறுத்தது. எஃப்.எச்.ஏ.வும் 1950 பிப்ரவரிக்குப் பின் பதிவாகும் இன ஷரத்துள்ள சொத்துகளுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது என்று விதியைத் திருத்திக் கொண்டது. ஷரத்தை எழுதாமல், வாயால் 'இல்லை' என்று சொல்பவருக்கு உத்தரவாதம் தொடர்ந்தது.

வில்லியம் லெவிட் தன் பக்க நியாயத்தை மறைக்கவில்லை. ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளை வாடிக்கையாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்க மாட்டார்கள், வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம் அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்பது அவர் வாதம். கேட்க நடைமுறை ஞானம் போல் இருக்கும். ஆனால் அந்த இனப் பிரச்சினையில் ஒரு பங்கு அவருடைய விற்பனை அலுவலகத்திலேயே தயாரானது என்பதை அந்த வாதம் சொல்லாமல் விடுகிறது.

டீப்கிரீன் சந்தில் ஒரு குடும்பம்

லெவிட் நிறுவனம் தன் இரண்டாவது ஊரைப் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு அருகே கட்டியது. 1952ல் குடியேற்றம் தொடங்கியது. மொத்தம் 17,311 வீடுகள். அங்கும் அதே கொள்கை. ஆனால் ஒரு முறை விற்ற வீட்டை வாங்கியவர் யாருக்கு மறுவிற்பனை செய்கிறார் என்பது நிறுவனத்தின் கையில் இல்லை.

1957 ஆகஸ்டில் அந்த வழியாகத்தான் வில்லியம் மயர்ஸும் மனைவி டெய்சி மயர்ஸும் மூன்று குழந்தைகளோடு டீப்கிரீன் சந்தில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். வில்லியம் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர், குளிர்சாதன இயந்திரத் தொழில் தெரிந்தவர். டெய்சி கல்லூரிப் படிப்பு முடித்தவர். எந்த அளவுகோலில் பார்த்தாலும் லெவிட்டவுனுக்குப் பொருத்தமான குடும்பம், தோலின் நிறம் தவிர.

செய்தி பரவிய அன்று மாலையே வீட்டின் முன் கூட்டம் கூடியது. அடுத்தடுத்த நாட்களில் அது நூற்றுக்கணக்கில் பெருகியது. கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது. மாநிலப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. கல்லடி பட்டு ஒரு போலீஸ்காரர் நினைவிழந்து விழுந்தார். பின்புறம் காலியாக இருந்த ஒரு வீட்டில் எதிர்ப்பாளர்கள் கூடாரமடித்து, பழைய அடிமை மாநிலங்களின் கொடியைப் பறக்கவிட்டு, இரவெல்லாம் சத்தமாகப் பாட்டு வைத்தார்கள். துணை நின்ற பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பத்தின் சுவரில் கு க்ளக்ஸ் கிளானின் எழுத்துகளைப் பூசினார்கள்.

அப்போது அண்டை வீட்டார் ஒருவர் பத்திரிகையாளரிடம் சொன்னது பின்னாளில் மிகவும் பேசப்பட்டது. மயர்ஸ் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அவரைப் பார்க்கும் போதெல்லாம் தன் வீட்டு விலையில் 2,000 டாலர் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்தில் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. அந்தப் பயத்தை அவர் எங்கே கற்றார்? கறுப்பினத்தவர் வந்தால் மதிப்பு குறையும் என்று அரசுக் கையேடு எழுதியது. கையேட்டைப் பார்த்து வங்கி கடனை மறுத்தது. கடன் கிடைக்காத பகுதியில் விலை தானாகவே விழுந்தது. விழுந்த விலையைக் காட்டி, "பார்த்தீர்களா, சொன்னது சரிதானே" என்றார்கள். போதாக்குறைக்கு, அவருடைய சேமிப்பு முழுவதும் அந்த ஒரே வீட்டில் இருந்தது. சொந்த வீடு தந்த பாதுகாப்பே, அண்டை வீட்டுக்காரரைக் கண்டு பயப்படவும் வைத்தது.

மயர்ஸ் குடும்பம் நகரவில்லை. குவேக்கர் சமயத்தவர்களும் வேறு பலரும் காவலுக்கு வந்து நின்றார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். தொல்லை கொடுத்தவர்களுக்கு எதிராக நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. நான்கு வருடம் அங்கேயே வாழ்ந்துவிட்டு, 1961ல்தான் அந்தக் குடும்பம் இடம் மாறியது. டெய்சி மயர்ஸ் பிறகு பள்ளி முதல்வராகப் பணியாற்றினார். 1999ல் அந்தப் பகுதி மேயர் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2011ல் அவர் காலமானார்.

சட்டம் வந்தது, விலையும் வந்தது

மூன்றாவது ஊர் நியூ ஜெர்சியில். 1958ல் விற்பனை தொடங்கியபோது, அங்கும் கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று லெவிட் அறிவித்தார். ஆனால் அரசு உதவி பெறும் வீடுகளில் இனப்பாகுபாடு கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. எஃப்.எச்.ஏ. உத்தரவாதத்தின் துணையோடு கட்டப்படும் இந்த வீடுகள் அரசு உதவி பெறுபவைதான் என்று 1960ல் நீதிமன்றம் சொன்னது. லெவிட் தோற்றார். ஊர் எல்லோருக்கும் திறந்தது. வில்லிங்பரோ என்று பழைய பெயருக்கே திரும்பிவிட்ட அந்த ஊரில் பின்னாளில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை ஆனார்கள்.

நாடு முழுவதற்குமான நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதே 1968ல் வில்லியம் லெவிட் தன் நிறுவனத்தை ஐ.டி.டி. என்ற பெரும் நிறுவனத்துக்குப் பங்குகளுக்குப் பதிலாக விற்றார். அந்தப் பங்குகள் சரிந்தன. அடுத்து எடுத்த முயற்சிகளும் கைகொடுக்காமல், செல்வம் கரைந்த நிலையில் 1994ல் இறந்தார்.

சட்டம் வந்ததும் கதை முடிந்துவிட்டதா? இல்லை. 1949ல் 7,990 டாலருக்கு விற்ற வீடு போன்றவை லாங் ஐலண்டில் இப்போது ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. 1949ல் உள்ளே நுழைந்த குடும்பம், அந்த மதிப்பை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியது, தொழில் தொடங்கியது, பேரனுக்கு முன்பணம் கொடுத்தது. அன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரின் குடும்பத்துக்கு 1968ல் கதவு திறந்தபோது, சட்டம் வழிவிட்டது, விலை வழிவிடவில்லை. 58 டாலர் தவணையின் காலம் அதற்குள் போய்விட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் வாழும் சுமார் 51 ஆயிரம் பேரில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். இந்த இடைவெளிக்குச் சம்பளம், கல்வி, அடிமை முறையின் மிச்சம் எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய சொத்து வீடுதான் என்பதால், வீட்டை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

லெவிட்டவுனைக் கெட்ட கனவு என்று ஒதுக்குவதும் தவறு. தொழிலாளி சொந்த வீட்டில் குடியிருக்கலாம், அதற்கு அரசு தோள் கொடுக்கலாம் என்று அது நிரூபித்துக் காட்டியது. 750 சதுர அடிக்குள் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கை நிமிர்ந்தது. அங்கே வீடு வாங்கியவர்கள் உழைத்துத்தான் தவணை கட்டினார்கள். ஆனால் அந்தத் தவணையைக் கட்டும் வாய்ப்பு உழைப்பைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை. பர்னட்டும் மயர்ஸும் அதே நாட்டின் சீருடையை அணிந்தவர்கள்தான்.

புறநகரில் புது வீடு வாங்கும் ஒவ்வொருவரும் விலை, தண்ணீர், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். அந்தத் தெருவில் யாருக்கு விற்க மறுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் வழக்கமான பட்டியலில் இருப்பதில்லை. லெவிட்டவுனின் விற்பனை அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் விலையை எழுபது வருடம் கழித்தும் வேறு சிலர் கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.